பேப்பர்ல 21, ரோட்டுல 14, மைலேஜ் எங்க போகுது?

கேள்வி:
வண்டி எடுத்து எட்டு மாசம் ஆச்சுங்க, பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். லிட்டருக்கு 21னு போட்டிருந்தாங்க, எனக்கு 14 தாண்ட மாட்டேங்குது, இத்தனைக்கும் நான் விரட்டி ஓட்டுற ஆளே கிடையாது, சர்வீஸும் கரெக்டா விட்டுடுறேன். தினமும் ஆபீஸ் போக 4 கிமீ வர 4 கிமீ, ஏசி எப்பவும் ஓடும். சர்வீஸ் சென்டர்ல கேட்டா ஓட்ட ஓட்ட சரியாயிடும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இன்ஜின்ல கோளாறா இல்ல எல்லாருக்கும் இப்படித்தானா?

பதில் 1:
கோளாறா இருக்காது ப்ரோ. அந்த 21 ரோட்டுல ஓட்டி எடுத்த கணக்கே இல்ல, லேப்ல வண்டிய உருளை மேல நிறுத்தி, ஸ்கிரீன்ல வர்ற கோட்டுக்கு ஏத்த மாதிரி டிரைவர் ஆக்சிலேட்டர் மிதிப்பார், சக்கரம் சுத்தும், வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். என்இடிசினு ஐரோப்பால முன்னாடி இருந்த மைலேஜ் டெஸ்ட் மொத்தமே 20 நிமிஷம், 11 கிமீ, சராசரி ஸ்பீடு 34 பக்கம், 0ல இருந்து 50 போக 26 செகண்ட், நெஜத்துல யாரு அவ்வளவு பொறுமையா எடுக்குறாங்க? 2017ல அதுக்கு பதிலா அங்க வந்த டபிள்யூஎல்டிபி டெஸ்ட் கொஞ்சம் பரவால்ல, 23 கிமீ, டாப் ஸ்பீடு 131 வரைக்கும் போகும், ஆனா அதுலயும் ஏசி ஆஃப்தான்.

உங்க விஷயத்துல மெயின் காரணம் அந்த 4 கிமீதான்னு அடிச்சு சொல்வேன். இன்ஜின் சில்லுனு இருக்கும்போது பெட்ரோல் சரியா ஆவியாகாது, அதனால இன்ஜின் கம்ப்யூட்டரே கூடுதலா ஊத்தும், ஆயிலும் கெட்டியா இருக்கும், போதாததுக்கு சூடான கேபினை குளிரவைக்க ஏசி முக்கி முக்கி இழுக்குறதும் அதே நேரத்துலதான். டெஸ்ட்லயும் ஆறின இன்ஜின்லதான் ஆரம்பிப்பாங்க, ஆனா 11 கிமீ ஓடுறப்ப அந்த கூடுதல் செலவு சராசரில கரைஞ்சிடும், உங்களுக்கு பயணமே 4தானே. டாஷ்போர்டுல நீல டெம்பரேச்சர் லைட் இருந்தா (இன்ஜின் சூடானதும் அணையும்) அது எப்ப அணையுதுன்னு பாருங்க.

பதில் 2:
மேல சொன்னது சரி. ஆனா 14ங்கறது எப்படி எடுத்தீங்க, மீட்டர்ல காட்டுறதா? அதை நம்பாதீங்க. ஒரே பங்க்ல ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் ஃபில் பண்ணி, அடுத்த தடவையும் அதே மாதிரி ஃபில் பண்ணி, ஓடின கிமீயை போட்ட லிட்டரால வகுங்க, மூணு டேங்க் பாத்தாதான் ஒரு முடிவுக்கு வரலாம். டயர் காத்து காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க. பெட்ரோல்ல எத்தனால் கலந்திருந்தா அதுவும் குறைக்கும், எத்தனால்ல லிட்டருக்கு மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. ஹைவேல போனா 80லயே போய் பாருங்க, 100க்கு ஏத்தினா காத்து எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். நீல லைட்டை பாத்தேன், ஆபீஸ் கேட் தெரியறப்பதான் அணையுது! டயர்லயும் 6 பிஎஸ்ஐ கம்மியா இருந்துச்சு. போன வாரம் 300 கிமீ வெளியூர் போனப்ப 80 தாண்டாம ஓட்டி டேங்க் டு டேங்க் கணக்கு போட்டேன், 18.6 வந்துச்சு, ஏசியோட.