அடைத்துக் கட்டிய புது வீட்டுக்குக் காற்றூட்டும் இயந்திரம் தேவையா?

கேள்வி: உச்சிப்புளி அருகிலிருந்து

வணக்கம். அரியமான் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் தள்ளி, 1,500 சதுர அடியில் மூன்று படுக்கையறைகளோடு வீடு கட்டிக் குடியேறி எட்டு மாதங்கள் ஆகின்றன. பழைய வீட்டில் உப்புக்காற்று புகுந்து மின்விசிறி முதல் கதவுக் கீல் வரை துருப்பிடித்துப் போனதால், இந்த முறை வெளிச்சுவர்களை ஏஏசி என்ற எடை குறைந்த கான்கிரீட் கல்லால் கட்டி, ரப்பர் பட்டை வைத்த யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல்களைப் போட்டு, ஜன்னலுக்கு மேல் வழக்கமாக விடும் வெண்டிலேட்டர்களையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நானும் மனைவியும் படுக்கும் அறை 12 அடிக்கு 12 அடி. உயரம் 10 அடி. ஏசியை 20-இல் வைத்துப் படுக்கிறோம். காலையில் எழுந்தால் தலை கனக்கிறது. கரியமில வாயுவை அளக்கும் சிறிய கருவியை வாங்கி வைத்தபோது, விடியற்காலையில் 2,400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 2,400 பங்கு) காட்டியது. அம்மாவுக்கு இளைப்பு உண்டு. ஏசி ஒத்துக்கொள்ளாததால் அடுத்த அறையில் மின்விசிறியோடு படுக்கிறார். அவருடைய துணி அலமாரியின் பின்பக்கம் முழுவதும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எங்கள் அறையின் ஜன்னல் கண்ணாடியிலும் காலையில் வெளிப்பக்கம் நீர் கோத்து நிற்கிறது.

வீடு முழுவதும் குழாய் இழுத்து எச்ஆர்வி இயந்திரம் (வெளியேறும் காற்றுக்கும் உள்ளே வரும் காற்றுக்கும் இடையே வெப்பத்தை மாற்றிக் காற்றூட்டுவது) வைத்தால் இவை எல்லாம் தீரும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். செலவு எங்கள் சக்திக்கு மீறியது. அது உண்மையிலேயே தேவையா, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதுமா?

மறுமொழி: தொண்டியிலிருந்து

எங்கள் வீட்டிலும் இதே வகை ஜன்னல்தான். காலையில் ஏசியை நிறுத்தியவுடன் ஜன்னலைத் திறந்தால், குளிர்ந்திருக்கும் தரையில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து டைல்ஸ் வியர்க்கிறது. அம்மாவைப் போன்ற பெரியவர்கள் வழுக்கி விழுந்துவிடக் கூடாது. ஏசியை நிறுத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, தரையின் குளிர்ச்சி போன பிறகு திறப்பதே எங்கள் வழக்கம்.

மறுமொழி: தங்கச்சிமடத்திலிருந்து

ஐயா, கட்டடங்களுக்குக் குளிர்சாதனம் அமைக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றல்ல. அதனால் ஒரே இயந்திரம் மூன்றையும் தீர்க்காது.

முதலில் தலைக்கனம். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. தூங்கும் ஒருவர் மணிக்கு 15 லிட்டர் கரியமில வாயு வெளிவிடுகிறார் என்று கொண்டால், இருவருக்கும் 30 லிட்டர். வெளியே சுமார் 420 பிபிஎம் இருக்க, உங்கள் அறை 2,400-இல் போய் நிற்கிறது என்றால், இடுக்குகள் வழியே மணிக்கு 15 கன மீட்டர் அளவுக்குத்தான் புதுக்காற்று வருகிறது என்று கணக்கு சொல்கிறது. அந்த அளவில் கரியமில வாயு நஞ்சல்ல. ஆனால் மூச்சுக்காற்றும் பெயின்ட், பிளைவுட் வாடையும் அறையிலேயே தங்குகின்றன என்பதற்கு அது நம்பகமான அடையாளம். 1,000 பிபிஎம்முக்குக் கொண்டுவர மணிக்கு 50 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 கன அடி போதும். வீடு முழுவதற்கும் ஆஷ்ரே 62.2 என்ற அமெரிக்க நெறிமுறைப்படி கணக்கிட்டால்கூட, சதுர அடிக்கு 0.03 வீதம் 45, படுக்கையறை எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி ஒவ்வொன்றுக்கும் 7.5 வீதம் 30, ஆக நிமிடத்துக்கு 75 கன அடிதான் வருகிறது.

நம் கரையில் அந்தக் காற்றோடு வரும் ஈரம்தான் பெரிய சுமை. இரவு வெளிக்காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 22 கிராம் நீராவி இருக்கும். ஏசி சரியாக ஓடும் அறையில் 13 கிராம். நீங்கள் மணிக்குக் கூடுதலாக விடும் 35 கன மீட்டர் காற்று, எட்டு மணி நேரத்தில் இரண்டரை லிட்டர் தண்ணீரை அறைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். எச்ஆர்வி வெப்பத்தை மட்டும் மாற்றிக்கொள்வது. இரவில் வெளியே 27 டிகிரி, உள்ளே 25 டிகிரி இருக்கும்போது அது மிச்சப்படுத்துவதற்கு என்ன இருக்கிறது? ஈரத்தையும் ஓரளவு மாற்றிக்கொள்ளும் ஈஆர்வி என்றால் பொருள் உண்டு. அதுவும் நாள் முழுவதும் வீடு முழுக்க ஏசியை ஓடவிடுபவர்களுக்கு.

கண்ணாடியின் வெளிப்பக்க நீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குளிர்ந்த மோர் ஊற்றிய செம்பு வெளியே வியர்ப்பதைப் போன்றதுதான் அது.

அலமாரி எந்தச் சுவரை ஒட்டி நிற்கிறது? அந்தச் சுவர் எதனால் கட்டியது?

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. அலமாரி எங்கள் அறைக்கும் அம்மா அறைக்கும் நடுவிலுள்ள சுவரை ஒட்டி நிற்கிறது. அது நாலரை அங்குலச் செங்கல் சுவர். இன்னொன்றும் கேட்க வேண்டும்: குளியலறைக்குள் கேஸ் கீசர் வைக்க எண்ணியிருக்கிறோம், இந்த வீட்டுக்கு அது ஒத்துவருமா?

மறுமொழி: தங்கச்சிமடத்திலிருந்து

கீசரை முதலில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து வைக்காதீர்கள். காற்று வராத குளியலறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. கதவைத் தாழிட்டுக் குளிப்பவர் மயங்கி விழுந்து உயிரிழக்கும் அளவுக்கு அது கொடியது. மின்சார கீசரோ சோலார் ஹீட்டரோ வையுங்கள். சமையலறைச் சிம்னியும் புகையை வெளியே தள்ளும் வகையாக இருக்க வேண்டும். வடிகட்டி உள்ளேயே திருப்பி விடும் வகை வேண்டாம்.

பூஞ்சணத்தின் காரணம் இப்போது தெளிவாகிறது. நீங்கள் 20-இல் வைப்பதால் மெல்லிய செங்கல் சுவர் மறுபக்கம் வரை குளிர்கிறது. அம்மா அறையில் ஈரம் மிகுந்த கடற்காற்று. அதன் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 25 டிகிரி. அலமாரி மறைப்பதால் சுவருக்கு அறையின் வெப்பம் எட்டாமல், மேற்பரப்பு அதற்கும் கீழே இறங்கி நனைகிறது. எத்தனை காற்றை உள்ளே விட்டாலும் அது தீராது. ஏசியை 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள்; அலமாரியை வேறு சுவருக்கு மாற்றி, நான்கு அங்குலம் இடைவெளி விடுங்கள். புதுக் கட்டடத்தின் கான்கிரீட்டும் பூச்சும் காய இன்னும் சில மாதங்கள் ஆகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் படுக்கையறைக்கு மட்டும், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் சிறிய விசிறி ஒன்று போதும். காற்றை வெளியே இழுக்கும் விசிறியை இரவு முழுவதும் ஓடவிட வேண்டாம். அது ஈரக்காற்றை இடுக்குகள் வழியே குளிர்ந்த சுவர்ப் பகுதிகளுக்கு இழுத்துவரும். விசிறியின் உடல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்பு நம் காற்றில் நிலைக்காது. குழாயை வெளிப்பக்கம் சற்றே சரித்து வைத்தால் வாடைக்காற்றோடு வரும் மழை உள்ளே இறங்காது. குழாயின் வாய்க்குக் கொசுவலை போட்டு, கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாயிலிருந்து தள்ளி வையுங்கள்.

அம்மாவின் அறைக்கு இயந்திரம் வேண்டியதில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அந்த அளவு இருக்கிறதா என்று பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் வலையிட்ட வெண்டிலேட்டர் இரண்டைத் திறந்துவிடுங்கள்.

கேட்டவர், ஐந்து வாரங்களுக்குப் பிறகு

விசிறி வைத்தாயிற்று. விடியற்காலையில் கருவி 1,050 காட்டுகிறது, தலைக்கனம் இல்லை. அலமாரியை நகர்த்தித் துடைத்த இடத்தில் பூஞ்சணம் திரும்ப வரவில்லை. வெண்டிலேட்டருக்குச் சுவரை உடைக்கும் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. விசிறியின் வடிகட்டி அதற்குள் பழுப்பேறிவிட்டதால், மாதம் ஒருமுறை கழுவுவதென்று வைத்திருக்கிறோம்.