இசைத்தட்டின் ஒலி உண்மையிலேயே மேலானதா, என் காது என்னை ஏமாற்றுகிறதா?

மாடிவீட்டு ரேடியோ

அப்பா விட்டுச்சென்ற ரெக்கார்டு பிளேயருக்குப் பெல்ட் மாற்றி, புது ஊசி போட்டு மீண்டும் ஓட வைத்திருக்கிறேன். அதனுடன் வந்த நாற்பது எல்.பி. தட்டுகளில் பாதிக்கு மேல் கர்நாடக இசைதான். வாய்ப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, அதே கச்சேரிப் பதிவைக் கைப்பேசியிலிருந்து அதே ஆம்ப்ளிஃபையர் வழியே ஸ்ட்ரீமிங்கில் கேட்டேன். தட்டில் இருந்த குரலின் நெருக்கமும், மிருதங்கத்தின் தொப்பியில் (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) விழும் அடியின் கனமும் கைப்பேசியில் இல்லை. டிஜிட்டல் ஒலி படிக்கட்டுபோல நறுக்கப்பட்டது, இடையில் உள்ளது தொலைந்துவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். எல்லாம் தாத்தாவின் நினைவு செய்யும் வேலை என்கிறாள் என் மகள். யார் சொல்வது சரி? புதுத் தட்டுகள் வாங்குவதா, நல்ல டிஜிட்டல் கருவி வாங்குவதா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊசிமுனை

உங்கள் நண்பர் சொல்லும் படிக்கட்டு, விளம்பரப் படங்களில் மட்டுமே இருக்கிறது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு (சி.டி.) விநாடிக்கு 44,100 மாதிரிகளை, அதாவது ஒலியலையின் அளவீடுகளை, எடுக்கிறது. அதில் பாதிக்குக் கீழ்ப்பட்ட, அதாவது ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியலையை அந்த மாதிரிகளிலிருந்து வழவழப்பான அலையாகவே திரும்பப் பெறலாம், இடையில் எதுவும் விடுபடுவதில்லை. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு மாதிரியையும் 16 இரும இலக்கங்களில் குறிக்கும் 16 பிட்டில் சுமார் 96 டெசிபல் கிடைக்கிறது, நல்ல எல்.பி. தட்டில் 70 கிடைத்தாலே பெரிது. தட்டுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்ளே லேபிளை நெருங்கும்போது அது 20 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் ‘ச’, ‘ஷ’ போன்ற எழுத்துகள் கரகரக்கும்.

ஆனாலும் நீங்கள் கேட்ட வேறுபாடு கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் ஒப்பிட்டது தட்டையும் டிஜிட்டலையும் அல்ல, இரண்டு வெவ்வேறு மாஸ்டரிங்கை, அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீரமைக்கும் கடைசி வேலையை. பழைய நாடாவை டிஜிட்டலுக்கு மாற்றியவர் இரைச்சலை நீக்குகிறேன் என்று தம்புராவையும் சேர்த்து மழித்திருக்கலாம். அந்தப் பாவம் அவருடையது, டிஜிட்டலுடையது அல்ல. 2022-இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், முழுக்க அனலாக் (ஒலியை எண்களாக மாற்றாமல் அலையாகவே வைத்திருப்பது) என்று பலரும் நம்பி வாங்கிய தன் தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்ததை ஒப்புக்கொண்டது. அதுவரை அவற்றை அனலாக் ஒலிக்கு எடுத்துக்காட்டாகப் புகழ்ந்தவர்களில் தேர்ந்த காதுக்காரர்களும் இருந்தார்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். தட்டு ஓடும்போதே அதன் ஒலியைக் கணினியில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதிவு செய்யுங்கள். பிறகு தட்டையும் பதிவையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, உங்களுக்குத் தெரியாமல் மகள் மாற்றி மாற்றி ஒலிக்க விடட்டும். இரண்டின் ஒலியளவும் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதையே நம் காது ‘நல்ல ஒலி’ என்று சொல்லிவிடும்.

பழைய தட்டு

ஊசிமுனை ஐயாவின் கணக்கில் எனக்குக் குறையில்லை. ஆனால் 1990-களுக்குப் பிறகு வந்த குறுந்தட்டுகள் பலவற்றில் மெல்லிய ஒலியையும் உரத்ததாக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நசுக்கியதை அப்படியே தட்டில் வெட்டுவது சிரமம் என்பதால், அதே ஆல்பத்தின் எல்.பி.க்குச் சில நேரம் வேறு மாஸ்டரிங் கிடைக்கிறது. கொள்கையளவில் 96 டெசிபல் இருந்து என்ன பயன், அதில் பத்தைக்கூடப் பயன்படுத்தவில்லை என்றால்? நான் எல்.பி. வாங்குவது இதற்காகத்தான்.

தம்புரா நாலு கம்பி

கர்நாடக இசை கேட்பவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். நடுத்துளை சரியாக நடுவில் இல்லாத தட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 விநாடிக்கு ஒருமுறை, சுருதி ஏறி இறங்கும். ஒரு மில்லிமீட்டர் விலகல் இருந்தாலே தட்டின் நடுப்பகுதியில் அது ஏறத்தாழ 1 சதவீதம் வரும். ராக் இசையில் இது காதில் படாமல் போகலாம். நீட்டி ஒலிக்கும் தம்புராவில் வயிற்றைப் பிரட்டும். சென்ற ஆண்டு நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒரு புது அச்சில் இதே கோளாறு இருந்தது, கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். புதுத் தட்டு வாங்கினால் முதல் நாளே தம்புரா தனியாக ஒலிக்கும் இடத்தைக் கேட்டுவிடுங்கள்.

மாடிவீட்டு ரேடியோ

மூவருக்கும் நன்றி. ஊசிமுனை சொன்ன சோதனையைச் செய்தோம். தட்டு எது, அதிலிருந்து எடுத்த பதிவு எது என்பதை 20 முறையில் 11 முறைதான் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவு வந்திருக்கும். ஸ்ட்ரீமிங் பதிப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்துவிட்டேன், அதில் தொப்பியின் கனம் நிச்சயமாகக் குறைவுதான்.

ஆகவே புதுத் தட்டுகளை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, இருக்கும் நாற்பதையும் ஒவ்வொன்றாக டிஜிட்டலில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். முதல் தட்டின் இரண்டாம் பக்கம் நேற்று முடிந்தது. ஆலாபனையின் நடுவே அப்பா எப்போதோ ஊசியைத் தவறவிட்ட இடத்தில் விழும் அந்த ‘டக்’கும் அப்படியே வந்திருக்கிறது.