ரெண்டு கூடை கவலை: பிள்ளைங்க கதையில வந்த வார்த்தைகள்

டியூஷன் அக்கா, ராயபுரம்:
காசிமேட்டுப் பிள்ளைங்கதான் எங்கிட்ட நிறைய பேர். அஞ்சாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி, லீவு நாளைப் பத்திக் கதை எழுதிட்டு வந்தா. "அப்பா கடலுக்குப் போனார். நிறைய மீன் கிடைத்தது. மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது." முடிஞ்சுது கதை.

"நிறையன்னா எவ்ளோடி? என்ன மீனு?"ன்னேன்.

"ரெண்டு கூடை கவளைக்கா. வலையில இருந்து உதறி எடுக்கவே மதியம் ஆயிடுச்சு. அப்பாவுக்குத் தோள்பட்டை வுட்டுப்போச்சு. கையெல்லாம் செதிலு, பளபளன்னு..." மூச்சு விடாம சொல்றா. அதையே எழுதுடின்னேன். 'உதறி', 'செதில்' எல்லாம் அவகிட்டயே இருந்த வார்த்தை. கதைக்கு ஆகாதுன்னு நினைச்சிருக்கா, அவ்ளோதான்.

மறுநாள் பார்த்தா, பள்ளிக்கூடத்துல சிவப்பு மையால திருத்தியிருக்காங்க: "அப்பா இரண்டு கூடை கவலை கொண்டுவந்தார்." டீசல் விக்கிற விலைக்கு அதுவும் சரிதான்னு அவங்கப்பா சிரிச்சாராம். 'ஆர்ப்பரிக்கும் அலைகடல்'னு கைடைப் பார்த்து எழுதுறதுக்கு மட்டும் ஒரு சுழிப்பும் கிடையாது!

வியாசர்பாடிக்காரன்:
கைடை ரொம்பத் திட்டாதீங்க. எம்பையனுக்கு எல்லாமே 'சத்தம் போட்டது'தான். நாய், மிக்ஸி, ஹெட்மாஸ்டர், எல்லாம். யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும்னு மனப்பாடம் பண்ண வெச்சேன். அடுத்த வாரமே "கூட்ஸ் வண்டி பிளிறியது"ன்னு எழுதினான். தப்புன்னு அடிக்கப் போனேன். ராத்திரி வீட்டுக்குப் பின்னாடி கூட்ஸ் போச்சு பாருங்க, பிளிறத்தான் செய்யுது. "அப்போ மின்சார ரயில்?"னு கேட்டேன். ரொம்ப யோசிச்சு, "அது சும்மா கத்தும்பா"ன்னுட்டான்.

பூக்கடைப் பாட்டி பேரன், பழைய வண்ணாரப்பேட்டை:
பெரிய வார்த்தை காலை வாரின கதை எங்க வீட்டுல உண்டு. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல்னு பூவோட ஏழு நிலையும் அக்கா பொண்ணுக்கு அத்துப்படி. வாடின பூதான் செம்மல். பாட்டி வியாபாரத்தைக் கதையா எழுதினவ, "இரவில் கூடையின் அடியில் செம்மல் கிடந்தது"ன்னு முடிச்சா. வகுப்புல வாசிச்சதும் ஒருத்தன் எழுந்து, "வ.உ.சி. ஏன் மிஸ் கூடையில கிடக்கிறாரு?"ன்னு கேட்டிருக்கான். அவனுக்குத் தெரிஞ்ச ஒரே செம்மல், செக்கிழுத்த செம்மல்தான்.

அழுதுகிட்டே வந்தா. பாட்டி கேட்டுட்டு, "நான் அதை வாடல்னுதானே சொல்லுவேன்? மொட்டா இருந்தா ஒரு வெல, விரிஞ்சா பாதி வெல, வாடலை மாடுகூட மோந்துட்டுப் போயிடும்"னாங்க.

கடைசி வரியை அடிச்சுட்டு மாட்டை எழுதிட்டா.