திருச்சியில வீடு வேண்டலாமாம்! உறுதி யாருடைய பேரில்?

கொட்டாஞ்சேனைக்காரி (இரவு 8.05):
வெள்ளவத்தைக்காரன் அண்ணா நேற்று எழுதினதை வாசிச்ச நேரத்திலிருந்து எனக்கு வயிறு எரியுது. வாசிக்காதவங்களுக்காக அவர் எழுதினதை அப்படியே போடுறேன்: "கொழும்பு வெள்ளவத்தையில இரண்டறை ஃபிளாட்டுக்குக் குடுக்கிற காசில திருச்சியில தனி வீடே வேண்டலாம். பிளேன்ல ஒரு மணித்தியாலம். எங்கட மொழி, எங்கட கோயில். அப்பிடிச் சின்ன ஊரில நாங்கள் வெளிநாட்டுக்காரர் இல்லை."

அதுக்குக் கீழே எத்தனை பேர் கை கூப்பியிருக்கிறாங்க! பாதிப் பேர் பென்ஷன்காரர். ஈ.பி.எஃப். காசைக் கையில வச்சிட்டு நிற்கிற ஆட்கள். அதனால கேட்கிறேன். இலங்கைப் பாஸ்போர்ட்டில திருச்சியில வீடு வாங்கினா உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், யாருடைய பேரில வரும்?

நானே சொல்றேன். உங்கட பேரில வராது. இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகள்ல 11 நாட்டுக்காரருக்கு ஒரு தடை இருக்கு. பாகிஸ்தான், பங்களாதேஷ், சீனா, ஆப்கானிஸ்தான், நேபாளம், பூட்டான், ஈரான் வரிசையில நம்ம இலங்கையும் இருக்கு. ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாம நாங்க அங்க ஒரு அடி நிலம் வாங்க ஏலாது. 5 வருஷத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும்தான் எடுக்கலாம். அது வெளிநாட்டுக்காரருக்குப் போடுற சட்டம் அண்ணா.

வெள்ளவத்தைக்காரன் (8.22):
தங்கச்சி, நான் 1998 இலிருந்து திருச்சிக்குப் போய் வாறன். நீங்கள் எத்தனை தரம் போனனீங்கள்? என்ர மச்சான் கே.கே. நகரில இரண்டு வீடு வச்சிருக்கிறார். சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் பயப்பிடுற ஆக்கள் கொட்டாஞ்சேனையை விட்டு அசையத் தேவையில்லை. நான் எழுதினது மனசில துணிவு உள்ள ஆக்களுக்கு.

கொட்டாஞ்சேனைக்காரி (8.25):
மச்சானின் பாஸ்போர்ட் எந்த நாடு?

வெள்ளவத்தைக்காரன் (8.31):
அது ஏன் உங்களுக்கு? ஆள் யாழ்ப்பாணத்துத் தமிழன். காணாதோ?

மருதானை நானா (8.40):
சண்டை வேணாம். என்ட மனைவியின் இருதய ஒப்பரேஷனுக்கு மதுரைக்கு மூணு தரம் போய் வந்தோம். நல்லாப் பார்த்தாங்க, மொழிக் கஷ்டமும் இல்ல. ஆனா லாட்ஜுக்குள்ள கால் வச்ச உடனே பாஸ்போர்ட்டை வாங்கி சி ஃபார்ம் பதிஞ்சிடுவாங்க. வெளிநாட்டு ஆள் வந்தா 24 மணித்தியாலத்துக்குள்ள தங்க வைக்கிறவர் அறிவிக்கணும். வாடகை வீட்டுக்காரருக்கும் இதே விதிதான். நாங்க ஒரு மாசத்துக்கு வீடு தேடினப்போ நாலு பேர் முதல்ல சரி என்றாங்க. "சிலோன் பாஸ்போர்ட்" என்றதும் மூணு பேர் போனைத் தூக்கவே இல்ல. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஸ்டேஷன் பக்கம் போகப் பயம். நாலாவது ஆள் ஒரு வயசான அம்மா. மகன் கம்ப்யூட்டர்ல ஃபார்மைப் போட்டுக் கொடுத்தார். எனவே போறவங்க வாடகைக்குப் போங்க. வாங்கிற கதை வேணாம்.

வெள்ளவத்தைக்காரன் (8.47):
நானா சொன்னதையே பாருங்கோ, "மொழிக் கஷ்டம் இல்ல" எண்டு. அதைத்தான் நானும் சொல்லுறன். சின்ன ஊர் ஆக்கள் எங்களைத் தங்கட பிள்ளையள் மாதிரிப் பார்ப்பினம். சென்னை மாதிரி இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரி (8.50):
நானா எழுதினதில பாதியை மட்டும் வெட்டி எடுக்கிறீங்க. மூணு பேர் போன் தூக்கலை என்றதும் அதுக்குள்ளதான் இருக்கு. சரி, அது போகட்டும். உறுதி யாருடைய பேரில?

மலையகப் பேரன் (9.02):
"சின்ன ஊர், சின்ன ஊர்" என்று எத்தனை தடவைதான் எழுதுவீங்க? 2011 கணக்கெடுப்பில திருச்சி மாநகராட்சிக்குள்ள 8 லட்சத்து 47 ஆயிரம் பேர். 2012 இல் நம்ம கொழும்பு மாநகர சபை எல்லைக்குள்ள 5 லட்சத்து 61 ஆயிரம். சின்ன ஊரிலிருந்து பெரிய ஊருக்கு ஆள் அனுப்புறீங்க.

வெள்ளவத்தைக்காரன் (9.06):
தெஹிவளை, கல்கிசை, கோட்டே எல்லாம் ஆர் எண்ணுறது? கணக்குத் தெரியாமல் கதைக்க வராதையும் தம்பி. மலைநாட்டு ஆக்களுக்கு இந்தியா எண்டால் அது வேற கதை, உங்களுக்கு அங்க வேர் இருக்கு. நான் எழுதினது கொழும்பில காணி பூமியோட இருக்கிற ஆக்களுக்கு.

மலையகப் பேரன் (9.19):
"வேர் இருக்கு." இதே வார்த்தையைச் சொல்லித்தான் எங்களை ஏத்தினாங்க. 1948 இல் பிரஜாவுரிமையைப் பறிச்சாங்க. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை அந்தப் பக்கம், 3 லட்சம் பேரை இந்தப் பக்கம் என்று மூட்டை மாதிரிப் பிரிச்சாங்க. என் தாத்தா இங்க, அவருடைய தம்பி அங்க. சின்னத் தாத்தா குடும்பம் பதுளையில ரயிலேறி, தலைமன்னாரில கப்பலேறி, மண்டபம் முகாமுக்குப் போய், கடைசியா கோத்தகிரியில அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில கொழுந்து பறிச்சாங்க. இங்க இருந்தப்போ "இந்தியாக்காரன்". அங்க போய் இறங்கின அன்னிலேருந்து "சிலோன்காரன்". பேரப்பிள்ளைகள் காலத்திலேயும் அந்த லைனுக்குப் பேரு சிலோன் காலனிதான். கையில இந்தியப் பாஸ்போர்ட் இருந்தும் இந்தக் கதி. உங்களைத் தங்கட பிள்ளை என்று தூக்கி வச்சுக்குவாங்களா?

"காணி பூமியோட இருக்கிற ஆக்கள்" என்று எழுதினதை நான் மறக்க மாட்டேன். இதுக்கு முன்னாடி தோட்டத் தொழிலாளரின் லயன் வீடு பற்றிய பேச்சிலேயும் இப்படித்தான் எழுதினீங்க.

வெள்ளவத்தைக்காரன் (9.24):
பழைய கணக்கை இங்க தீர்க்க வராதையும். நான் ஆரையும் குறைச்சுச் சொல்லேல்லை.

கொட்டாஞ்சேனைக்காரி (9.26):
சொன்னீங்க. எல்லாரும் வாசிச்சாங்க.

உறையூர்க்காரி (9.41):
நான் பம்பலப்பிட்டியில பிறந்தவள். கல்யாணம் முடிச்சு உறையூருக்கு வந்து 11 வருஷம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கு.

ஊர் அருமையான ஊர். மார்கழியில விடியக் காலை காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போற சுகத்துக்கு நான் எதையும் விட்டுக் கொடுப்பேன். ஆனா முதல் வருஷம் வாயைத் திறந்தாலே "நீங்க மலையாளமா?" என்று கேட்டாங்க. கடையில சோப்புக்குச் "சவர்க்காரம் தாங்க" என்றேன், பையன் முதலாளியைக் கூப்பிட்டான். வீடு வாங்கிறதை "வீடு வேண்டப் போறோம்" என்று என் அத்தை சொன்னதுக்குப் பக்கத்து வீட்டு மாமி, "எந்தக் கோயில்ல வேண்டுதல்?" என்று கேட்டாங்க. பழக ரெண்டு வருஷம் ஆச்சு. வெயிலுக்கு இன்னும் பழகலை. கொழும்பில வேர்க்கும், இங்க சித்திரையில தோலே உரியும்.

எங்க வீட்டுப் பத்திரம் என் பேரிலயும் கணவர் பேரிலயும் இருக்கு.

வெள்ளவத்தைக்காரன் (9.44):
வாசிச்சியளோ எல்லாரும்! கொழும்புப் பிள்ளை, திருச்சியில வீடு, பத்திரத்தில பேர். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? கொட்டாஞ்சேனைத் தங்கச்சி இப்ப என்ன சொல்லுவா?

கொட்டாஞ்சேனைக்காரி (9.47):
உறையூர் அக்கா, உங்களிட்ட இருக்கிறது ஓசிஐ தானே? இந்திய வம்சாவளிக்காரருக்கும் இந்தியரைக் கல்யாணம் முடிச்சவங்களுக்கும் இந்தியா கொடுக்கிற அட்டை?

உறையூர்க்காரி (9.53):
ஆமா. இவர் இந்தியக் குடிமகன். கல்யாணத்தைப் பதிஞ்சு ரெண்டு வருஷம் ஆன பிறகு விண்ணப்பிச்சேன். அதுவரைக்கும் இந்தியரின் குடும்பத்தாருக்குக் கொடுக்கிற எக்ஸ் விசா. வந்த 14 நாளுக்குள்ள வெளிநாட்டவர் பதிவு, ஒவ்வொரு நீடிப்புக்கும் ஒரு கத்தைக் காகிதம். ஓசிஐ கைக்கு வந்த பிறகுதான் வீடு வாங்கினோம். அதுக்கு முன்னாடி வாங்கியிருந்தா பத்திரம் அவர் பேரில மட்டும்தான் இருந்திருக்கும்.

கொட்டாஞ்சேனைக்காரி (9.58):
கேட்டுக்கொள்ளுங்க. ஓசிஐ இருக்கிறவங்களுக்கு அந்த 11 நாட்டுத் தடை இல்லை. வெள்ளவத்தையில பென்ஷன் எடுத்துட்டு இருக்கிற ஆளுக்கு இந்தியக் கணவர் எங்கேயிருந்து வரும்?

இன்னொன்று. எந்த விசாவில போய் இருக்கச் சொல்றீங்க? படிக்கப் போறவங்களுக்கு மாணவர் விசா, வைத்தியத்துக்கு மெடிக்கல் விசா, வேலைக்கு வேலை விசா. ஓய்வு எடுத்த ஆள் போய்க் குடியிருக்க என்று இந்தியாவில ஒரு விசாவே இல்லை. எங்கட நாட்டில 55 வயசுக்கு மேற்பட்ட வெளிநாட்டுக்காரருக்கு அப்படி ஒன்று கொடுக்கிறோம். அவங்க கொடுக்கிறதில்லை. டூரிஸ்ட் விசாவில போய் வர்றதைக் குடியேற்றம் என்று எழுதாதீங்க.

ஆடிவேல் பக்தன் (10.05):
எல்லாத்தையும் விடுங்கோ, அங்க ஒழுங்கான பாண் கிடைக்குமோ? போன முறை போனப்ப இனிப்புப் பாண்தான் தந்தாங்கள். சம்பலோட சாப்பிட ஏலாது.

உறையூர்க்காரி (10.08):
ரோஸ்ட் பாண் கிடையாது. இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் வைப்பாங்க, சொதி என்றால் யாருக்கும் தெரியாது. நான் வீட்டிலதான் செய்றேன்.

வெள்ளவத்தைக்காரன் (10.12):
ஆர் சொன்னது சொதி இல்லையெண்டு? திருநெல்வேலிப் பக்கம் சொதி இருக்கு. கலியாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடுதான். அறியாமல் எழுதக் கூடாது பிள்ளை.

உறையூர்க்காரி (10.14):
அண்ணா, நான் திருச்சியைச் சொன்னேன். பதினோரு வருஷமா இங்க இருக்கிறவள் நான்.

கொட்டாஞ்சேனைக்காரி (10.30):
சொதிக்கு உடனே பதில் வருது. உறுதிக்கு வரலையே.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். என் அண்ணன் துறைமுகத்தில வேலை செய்து பென்ஷன் போனவர். 2014 இல் இதே மாதிரி ஒருத்தர் "சின்ன ஊர், நம்ம ஊர்" என்று ஓதி, கொட்டாஞ்சேனை வீட்டில அவருடைய பங்கை விற்று, திருச்சியில ஒரு வீடு எடுத்தாங்க. அவர் பேரில எழுத முடியாது என்று அங்க போன பிறகுதான் தெரியும். "பரவாயில்லை, சொந்தக்காரர் பேரில போடுவோம்" என்று அம்மா வழி உறவு ஒருத்தர் பேரில பத்திரம். அந்த மாமா நல்ல மனுஷன், 2019 இல் கண்ணை மூடிட்டார். அவருடைய பிள்ளைகள் சாவியை மாத்திட்டாங்க. வக்கீலிட்டப் போனா, "இது பினாமி. காசு கொடுத்தது நான்தான் என்று கோர்ட்டில கேட்கவே முடியாது, கேட்டா நீங்களே மாட்டுவீங்க" என்றார். 1988 லேயே வந்த சட்டம், 2016 இல் இன்னும் இறுக்கினாங்க. சொத்தை அரசாங்கமே எடுக்கலாம், சிறையும் இருக்கு.

அண்ணன் இப்ப வத்தளையில ஒரு அனெக்ஸில வாடகைக்கு இருக்கிறார். திருச்சி வீட்டு வாசலில அவர் நட்ட முருங்கை மரத்தின் படம் இன்னும் போனில இருக்கு. காட்டிக் காட்டி அழுவார். இப்ப விளங்குதா நான் ஏன் ஒரே கேள்வியைக் கேட்கிறேன் என்று? அந்த மச்சானின் பாஸ்போர்ட் எந்த நாடு?

மருதானை நானா (10.36):
மகள், அண்ணனுக்கு அல்லாஹ் ஆறுதல் தரட்டும். மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.

வெள்ளவத்தைக்காரன் (10.44):
உங்கட அண்ணனுக்கு நடந்தது கவலைதான். ஆனா அது குடும்பப் பிரச்சினை, ஊரின்ர பிழை இல்லை. ஆளைப் பார்த்துப் பேர் போட வேணும். மச்சான் லண்டன் பாஸ்போர்ட், சரி. அதுக்கு இப்ப என்ன? தமிழன் தமிழன்தானே.

கொட்டாஞ்சேனைக்காரி (10.46):
ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல கழிச்சு வந்திருக்கு! லண்டன் பாஸ்போர்ட் அந்த 11 இல் இல்லை. அங்க வேலையோட, விதிப்படி வசிக்கிறவராக இருந்தா அவருக்கு வாங்க வழி இருக்கு. உங்களுக்கும் எனக்கும் இல்லை. இங்க இருந்து லண்டன் போய்ப் பாஸ்போர்ட் மாத்தித்தான் திருச்சிக்குப் போகணும் என்றால் அதை எழுதியிருக்கலாமே. "ஆளைப் பார்த்துப் பேர் போட வேணும்" என்று இன்னும் எழுதுறீங்க. அதுதான் பினாமி என்று இப்பதானே சொன்னேன்.

மலையகப் பேரன் (10.50):
அக்கா, விடுங்க. அவர் காணி பூமியோட இருக்கிற ஆள்.

வெள்ளவத்தைக்காரன் (10.55):
பார்த்தியளோ, கூட்டம் சேர்ந்து அடிக்கிறியள். நானும் தமிழ்ச் சனம் நல்லா இருக்கட்டும் எண்டுதான் எழுதினனான். ரிசர்வ் வங்கியிட்ட அனுமதி கேட்கலாம் எண்டு சட்டத்திலயே இருக்குத்தானே? கேட்டுப் பார்க்காமல் இல்லையெண்டு சொல்லுறது என்ன நியாயம்?

கொட்டாஞ்சேனைக்காரி (10.57):
உங்களுக்குத் தெரிஞ்சு அப்படிக் கேட்டு வாங்கின ஒரு ஆளைச் சொல்லுங்க. ஒரே ஒரு ஆள். இல்லாட்டி நேற்று எழுதினதில "வேண்டலாம்" என்றதை எடுத்துட்டு "வாடகைக்கு இருக்கலாம்" என்று மாத்துங்க. இன்றைக்கே மாத்துங்க.

ஆடிவேல் பக்தன் (11.03):
திருநெல்வேலிச் சொதிக்கு இஞ்சிச் சட்னி வைப்பாங்கள் எண்டது உண்மையோ?

வெள்ளவத்தைக்காரன் (11.05):
ஓம், உண்மை. நான் சாப்பிட்டிருக்கிறன்.

கொட்டாஞ்சேனைக்காரி (11.06):
இன்னும் மாத்தலை. பார்த்துட்டுத்தான் இருக்கிறேன்.