மறுமொழி: ‘பாதுகாப்பு அணுகல் சாதனம்’ வேண்டாம், ‘தொடுசாவி’ போதும்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். கதவருகே ஒற்றினால் பூட்டைத் திறக்கும் சிறு மின்னணுப் பொருளுக்கு (access fob, access card) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் மடலாட்டத்துக்கு என் மறுமொழி இது.

சிங்கப்பூரில் எங்கள் கொண்டோவின் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) மின்தூக்கியில் (லிஃப்ட்) ஊரின் நான்கு ஆட்சிமொழிகளிலும் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ‘பாதுகாப்பு அணுகல் சாதனத்தைத் தொலைத்தோர் உடனே தெரிவிக்கவும். அது செயலிழக்கச் செய்யப்படும்’ என்றது தமிழ். பக்கத்து வீட்டு அம்மா நிதானமாக வாசித்துவிட்டு, “ஏன் தம்பி, இந்தச் சாதனம் நம்ம வீட்டுலயும் இருக்கா?” என்று கேட்டார். அது அவர் கையிலேயே, சாவிக்கொத்தில், நீலநிறப் புளியங்கொட்டை போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்குகளில் கீழ்த்தளம் திறந்தே கிடக்கும். வீட்டு வாசல்வரை யாரும் ஏறி வரலாம். அங்கே வளர்ந்த நமக்கு இப்படியொரு சொல் தேவைப்படவில்லை. இப்போது தேவைப்படுகிறது. மின்தூக்கி என்ற சொல்லை இந்த ஊர்த் தமிழர் இயல்பாகப் புழங்குகிறார்கள். இதற்கும் அப்படியொரு சொல் அமையவேண்டும் என்பதே என் ஆசை.

முந்தைய மடல்களில் வந்த ‘நுழைவில்லை’ எனக்கும் பிடித்திருந்தது. வில்லை அருமையான சொல். கற்பூர வில்லையில் வடிவம் இருக்கிறது. வில்லை அணிந்த அந்தக்கால அலுவலக ஏவலாளான வில்லைச் சேவகனில் அதிகார அடையாளம் இருக்கிறது. ஆனால் அதைக் கதவில் எழுதி ஒட்டினால், ‘நுழைவு இல்லை’ என்று படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். ‘திறவில்லை’க்கும் இதே கதிதான். ‘வாயில் வில்லை’ என்றால் மாத்திரை போடச் சொன்னது போல் இருக்கிறது. வில்லையை மனமில்லாமல்தான் கைவிடுகிறேன்.

என் பரிந்துரை ‘தொடுசாவி’. தொடுதிரை ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். திரை தொடப்படுவது, சாவியோ தொடுவது, இரண்டும் ஒன்றாகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வினைத்தொகை இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ஊறுகாயில் காய் ஊறுகிறது. குடிநீரில் நீர் குடிக்கப்படுகிறது. தொடாமல் சற்றுத் தள்ளிக் காட்டினாலும் கதவு திறக்குமே என்பது உண்மைதான். ஆனாலும் எல்லாரும் ஒற்றித்தான் எடுக்கிறோம். அட்டையாக இருந்தாலும் புளியங்கொட்டையாக இருந்தாலும் இந்த ஒரு பெயரே போதும்.

சாவி போர்த்துக்கீசியச் சொல், ‘திறப்பு’ என்போம் என்று ஈழத்து நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் மேசையும் ஜன்னலும் அதே கப்பலில் வந்தவைதாம். இங்கே பெரும்பாலோர் வாயில் வருவது சாவி. தொடுதிறப்பு என்று அவர் எழுதினாலும் நமக்கு விளங்கும்.

இது சாவியே அல்ல, அடையாளம்தான் என்ற வாதத்துக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்லவேண்டும். உள்ளே மின்கலம் கிடையாது. ஒரு கம்பிச்சுருளும் சில்லும்தான். கதவருகே உள்ள கருவியின் காந்தப்புலம் பட்டதும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, சில்லு தன் எண்ணைச் சொல்கிறது. அந்த எண் அனுமதிப் பட்டியலில் இருந்தால் பூட்டு திறக்கும். ஆக, திறப்பது பட்டியல்தான். ஆனாலும் கையில் வைத்திருப்பவருக்கு அது சாவிதானே?

பட்டியல் என்ற உண்மை வேறோர் இடத்தில் அவசியமாகிறது. ‘செயலிழக்கச் செய்தல்’ தவறான சொல். தொலைந்த பொருளை யாரும் எதுவும் செய்வதில்லை. அதன் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த அம்மா ஒருமுறை தொலைத்துவிட்டதாகச் சொல்லி, புதியது வாங்கி, பிறகு பழையதைச் சோபாவின் இடுக்கில் கண்டெடுத்தார். ‘செயலிழந்துவிட்டதே’ என்று குப்பையில் போட்டுவிட்டார். எண்ணை மறுபடி சேர்த்திருந்தால் மகளுக்குக் கொடுத்திருக்கலாம். அதற்குப் பதில் மகளுக்காக இன்னொன்றுக்கும் பணம் கட்டினார்.

அதனால் ‘எண் நீக்கம்’, ‘எண் சேர்ப்பு’ என்று எழுதலாம். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கும் எளிய வகையைச் சாவி வெட்டும் கடையில் எளிதாக நகலெடுத்துவிடுகிறார்கள். அந்த நகலும் அதே எண்ணைத்தான் சொல்லும். எண்ணை நீக்கினால் அசல், நகல் இரண்டுமே கதவைத் திறக்காது. இதையும் இந்தச் சொல்லே விளக்கிவிடுகிறது.

அடுத்த அறிவிப்பின் தமிழை நானே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதல் வரி இப்படி: ‘தொடுசாவி தொலைந்தால் வாயிற்காவலரிடம் உடனே சொல்லுங்கள், அதன் எண்ணை நீக்கிவிடுவோம்.’ கதவருகே உள்ள கருவிக்கு (reader) மட்டும் எந்தப் பெயரிலும் இன்னும் மனம் ஒப்பவில்லை. படிப்பானா, வாசிப்பானா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.