சாமுராய் என்றாலே வாள்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடைசிபெஞ்ச்:
போன வாரம் 'ஷோகன்' தொடரை ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன், அதற்கு முன்னால் அனிமேயும் நிறைய. எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: இடுப்பில் வாள், தலைவனுக்காக உயிர், மானம் போனால் வயிற்றைக் கிழித்துக்கொள்வது. நிஜமாகவே ஜப்பானில் ஒரு கூட்டம் 700 வருஷம் இப்படியேவா வாழ்ந்தது? சம்பளம், வீட்டுச் செலவு, கடன் இதெல்லாம் அவர்களுக்குக் கிடையாதா? விக்கிபீடியா லிங்க் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதைப் படித்துவிட்டுத்தான் குழம்பிப்போய் வந்திருக்கிறேன்.

மழைக்காகிதம்:
சம்பளத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1274இல் மங்கோலியப் படை ஹகாட்டா கரையில் இறங்கியபோது அங்கே சண்டை போட்டவர்களில் தகெசாகி சுவெனாகா என்று ஒரு சின்ன நிலை சாமுராய். நாலைந்து பேரோடு முன்னால் பாய்ந்து, குதிரை அடிபட்டு, எப்படியோ பிழைத்தார். ஆனால் அவர் பாய்ந்த விஷயம் மேலிடத்துக்கே போகவில்லை, பரிசும் வரவில்லை. ஆள் சும்மா இருக்கவில்லை. இருந்த குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவு தேற்றிக்கொண்டு, கியூஷுவிலிருந்து அன்றைக்கு அரசு இருந்த காமகுரா வரை போய், முதலில் பாய்ந்தவன் நான்தான் என்று அதிகாரியிடம் மல்லுக்கட்டி, கடைசியில் ஓர் ஊரின் நிர்வாக உரிமையையும் ஒரு குதிரையையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்! பிற்பாடு அத்தனையையும் படச்சுருளாக வரைய வைத்தார், அது இன்றும் இருக்கிறது. ரத்தம் கொட்டுகிற குதிரை, பக்கத்திலேயே வெடிக்கிற குண்டு என்று அந்த ஒரு காட்சியைத் தேடிப் பாருங்கள். சுருளில் அதிகம் தெரிவது வாள் இல்லை, வில்.

தெருவிளக்கு:
ஆமாம், அந்தக் காலத்தில் வீரனுடைய வழிக்கே 'வில்லும் குதிரையும்' என்றுதான் பெயர். அப்புறம் ஈட்டி வந்தது, 1543இல் போர்ச்சுகீசியர் தனேகஷிமா தீவுக்குக் கொண்டுவந்த துப்பாக்கியை உள்ளூர்க் கொல்லர்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள், 1575இல் நகஷினோ போரில் நொபுனாகா என்ற போர்த்தலைவர் அதை வைத்தே ஜெயித்தார்.

வாளுக்கு இந்த மவுசு வந்தது சண்டை ஓய்ந்த பிறகு. 1588இல் நாட்டை ஆண்ட ஹிதெயோஷி விவசாயிகளிடமிருந்து ஆயுதங்களைப் பிடுங்கினார், பிறகு தோகுகவா குடும்பத்தின் ஆட்சியில் இடுப்பில் இரண்டு வாள் என்பது கிட்டத்தட்ட அடையாள அட்டை மாதிரி ஆகிவிட்டது. சண்டையே இல்லாத 250 வருஷம், வீரர்கள் குமாஸ்தாக்கள் ஆனார்கள். சம்பளம் அரிசியாக, கொகு கணக்கில் (நமக்குப் பறவைதான் ஞாபகம் வரும்). ஒரு கொகு சுமார் 150 கிலோ, ஓர் ஆளுக்கு ஒரு வருஷச் சாப்பாடு என்று கணக்கு. அதை விற்றுக் காசாக்க ஒரு தரகர், வரப்போகிற அரிசியைக் காட்டி அதே தரகரிடம் கடன். போதாதவர்கள் குடைக்குக் காகிதம் ஒட்டினார்கள், தங்கமீன் வளர்த்தார்கள். எடோவின் (இன்றைய டோக்கியோ) ஓகுபோ பக்கம் துப்பாக்கிப் படை வீரர்கள் அசேலியாச் செடி வளர்த்து விற்றே பேர் வாங்கினார்கள்.

நாடோடி:
அதற்காக மானம், விசுவாசம் எல்லாமே சினிமாக்காரன் கட்டிய கதை என்கிறீர்களா? எஜமானுக்காகப் பழி தீர்த்த 47 ரோனின் (தலைவனில்லாத சாமுராய்கள்)?

மழைக்காகிதம்:
அப்படிச் சொல்லவில்லை. அது நடந்ததுதான், செங்ககுஜி கோயிலில் அவர்கள் கல்லறைகளே இருக்கின்றன. ஆனால் அது சரியா தப்பா என்று அன்றைக்கே அடிதடி வாதம். 1701இல் எஜமான் செத்தார், ஏறக்குறைய 2 வருஷம் காத்திருந்து பழி தீர்த்தார்கள், 1703இல் அரசு அவர்களையும் வயிற்றைக் கிழித்துச் சாகச் சொன்னது. சாவைப் பெரிதாகப் பேசும் 'ஹககுரே' நூல்காரர் யமமோட்டோ சுனெதொமோ அவர்களைத் திட்டியே இருக்கிறார்: உடனே பாயாமல் இத்தனை நாள் ஏன், அதற்குள் எதிரி நோயில் செத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. சொன்னவர் ஒரு போர்க்களத்தையும் பார்த்தவர் இல்லை, அது வேறு விஷயம். விசுவாசத்தைப் பற்றி இவ்வளவு எழுதிக் குவித்தது சண்டை இல்லாத காலத்து ஆட்கள்தான். சண்டை நடந்த காலத்தில் 1600 செகிகஹரா போரில் கொபயகவா ஹிதெயாகி என்ற தலைவர் பாதியிலேயே கட்சி மாறினார்.

கடைசிபெஞ்ச்:
குடை ஒட்டுகிற சாமுராயை யாராவது படமாக எடுத்திருக்கிறார்களா? அதைத்தான் பார்க்கணும் போல இருக்கிறது.

தெருவிளக்கு:
கிட்டத்தட்ட. யோஜி யமடா 2002இல் எடுத்த 'ட்விலைட் சாமுராய்'. கிடங்குக் கணக்கு பார்க்கிற ஆள், மனைவி இறந்துவிட்டாள், இரண்டு பெண் குழந்தைகள், ராத்திரி உட்கார்ந்து பூச்சிகளை அடைத்து வைக்கிற சின்னக் கூண்டு செய்கிறார். வாள்சண்டையும் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் பொறுமையாக உட்காரணும்.