கையெழுத்துப் போட்ட கதை, போடாத கதை: நம்ம பக்கத்து அனுபவங்கள்

காங்கயத்தான்

உயரழுத்த மின்கம்பிக்குக் கோபுரம் நடும் டவர் லைன்காரர்கள் எங்கள் தோட்டத்துக்குள் வந்தபோது நான் ஈரோட்டில் இருந்தேன். அப்பா மட்டும் தோட்டத்துச் சாளை வீட்டில். போனில், "ஏதோ அளவு எடுக்கறாங்க கண்ணு, சிவப்பு பெயிண்ட் அடிச்ச முளைக்குச்சி நட்டிருக்கறாங்க. சர்க்காருக் காரியமாட்ட இருக்குது" என்றார். நோட்டீஸ் ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டால், "மோரு கேட்டாங்க, குடுத்தேன்" என்கிறார்.

அடுத்த வாரம் நான் இருக்கும்போது வந்தார்கள். கையில் இரண்டு பக்கத் தாள், முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலில் பெருக்கல் குறி போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். முழுச் சம்மதத்தோடு இடம் தருகிறோம், மரம் 23, இந்தத் தொகையை வாங்கிய பிறகு வேறு எந்தக் கோரிக்கையும் கிடையாது. இதுதான் சாரம். கம்பிக்குக் கீழே வரும் தென்னை மட்டும் 31. காய்ப்புக்கு வராத எட்டையும் அவர்கள் மரமாகவே எண்ணவில்லை.

நம் சம்மதமே அவர்களுக்குத் தேவையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆவது பிரிவு, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை அப்படியே தூக்கி இந்தக் கம்பெனிகளிடம் கொடுக்க அரசுக்கு வழி செய்கிறது. தந்தி 2013 ஜூலையில் நின்றே போய்விட்டது. வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நட எழுதிக்கொண்ட சட்டம் மட்டும் நம் தோப்பில் கோபுரம் நடுகிறது. மறித்தால் கலெக்டர் உத்தரவோடு வருவார்கள். 2018 டிசம்பரில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் விவசாயிகள் நாள்கணக்கில் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். நானும் இரண்டு நாள் போய் உட்கார்ந்தேன். லைன் வரத்தான் செய்தது.

ஆனால் அதே தந்திச் சட்டத்தில் 16ஆவது பிரிவும் இருக்கிறது. இழப்பீடு போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். முன்னாடியே "வேறு கோரிக்கை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அங்கே போய் என்ன பேசுவது?

சரி என்று, அன்றைக்குப் பொழுதோட சுண்ணாம்பு கரைத்து முப்பத்தொரு மரத்திலும் 1, 2, 3 என்று நம்பர் எழுதினேன். ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்தில் அப்பாவை நிறுத்திப் போட்டோ. இருபதாவது மரத்துக்கெல்லாம் அவருக்குச் சலித்துவிட்டது, "என்னடா, கல்யாணப் பொண்ணாட்டம் நிக்க வெக்கறே" என்றார். எந்த நிலத்தில் என்ன பயிர், மரம் என்று வருவாய்த் துறை எழுதி வைக்கிற அடங்கலின் நகலும் வாங்கி வைத்தேன். அவர்கள் திரும்ப வந்ததும், அந்த ஆங்கிலத் தாளிலேயே என் கையால் தமிழில் எழுதினேன்: "மரங்கள் 31. இழப்பீட்டை ஆட்சேபணையோடு பெற்றுக்கொள்கிறேன்." தேதி போட்டுக் கையெழுத்து, அதன் நகலில் அவர்கள் கையெழுத்து. "இப்படியெல்லாம் யாருமே எழுதறதில்லீங்க சார்" என்று முனகினார் வந்தவர். பதினைந்து நாளில் 31 மரத்துக்கும் கணக்குப் போட்டு வந்தார்கள். கோபுரம் நிற்கும் நிலத்துக்கான தொகை இன்னும் கோர்ட்டில் இருக்கிறது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். போட்ட கதையானாலும் சரி, போடாத கதையானாலும் சரி.

பல்லடம் பண்ணைக்காரர்

நான் போட்டவன். ஒன்றல்ல, நான்கு தடவை. ஒப்பந்தத்தில் ஒன்று, தொகை எழுதாத செக்கில் மூன்று.

கறிக்கோழி பற்றித் தெரியாதவர்களுக்காக: குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், தேங்காய் மஞ்சி, ராத்திரி முழிப்பு எல்லாம் நம்முடையது. நாற்பது நாள் சொச்சத்தில் வண்டி வரும், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. எத்தனை கிலோ தீவனத்துக்கு எத்தனை கிலோ கறி என்று கணக்குப் பார்த்துக் கூலியில் பிடித்தம் செய்வார்கள். தீவனம் மட்டமாக வந்தாலும் பிடித்தம் நமக்குத்தான். ஒப்பந்த நகல் கேட்டேன். "ஆபீஸ்ல பத்திரமா இருக்குதுங்க" என்றார்கள். ஏழு வருஷமாக அங்கேயே பத்திரமாக இருக்கிறது.

ஒரு தடவை ராத்திரி ஒரு மணிக்கு வண்டி வந்தது. தூக்கக் கலக்கத்தில் எடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலையில் கணக்குப் பார்த்தால் கோழிக்கு நூறு கிராம் குறைகிறது. அடுத்த பேட்ச்சுக்குச் சொந்தமாக ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன். முதல் பத்துப் பெட்டியைக் கோழியோடு ஒரு தரம், வெறும் பெட்டியாக ஒரு தரம் நிறுத்தேன். டிரைவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் எடை அன்றைக்குச் சரியாக இருந்தது. அதற்கு அடுத்த பேட்ச்சுக்குக் குஞ்சு இருபது நாள் தாமதமாக வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காங்கயத்தான் செய்தது சரிதான். ஆனால் ஷெட்டுக்கு வாங்கிய கடன் தலைமேல் இருக்கும்போது "ஆட்சேபணையோடு" என்று எழுதப் பேனா வராதுங்க.

பெருந்துறைப் பக்கம்

ஈமு என்று சொன்னால் இங்கே எல்லோருக்கும் புரியும். ஈமுப் பறவை வளர்க்கச் சொல்லிப் பணம் வாங்கிய கம்பெனி கைவிரித்த 2012 ஆகஸ்ட்.

நான் ஒன்றரை லட்சம் கட்டினேன். ஆறு குஞ்சு, கொட்டகை, மாதாமாதம் பணம். முதல் எட்டு மாதம் சொன்ன தேதிக்கு வந்தது. அந்தப் பறவை முட்டையை, கறியை யார் வாங்குகிறார்கள் என்று ஒரு நாள்கூட நான் விசாரிக்கவில்லை. சந்தையில் ஒரு எருமையை வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள் நான்.

கம்பெனி போன பிறகு எல்லோரும் பேசுவது போலவே நானும் பேசினேன்: அரசாங்கம் ஏன் விட்டது, கலெக்டர் ஏன் தூங்கினார். 1997ஆம் ஆண்டே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வந்துவிட்டது, கோவையில் அதற்கென்று தனிக் கோர்ட்டே இருக்கிறது. சட்டம் இருந்தும் எங்கள் கண் முன்னால் பந்தல் போட்டுப் பணம் வாங்கினார்கள். இந்தக் கேள்வியெல்லாம் நியாயம்தான்.

ஆனால் இன்னொன்றும் உண்டு, இதை வீட்டில் சொன்னதில்லை. சித்தப்பாவையும் பெரிய மச்சாண்டாரையும் சேர்த்துவிட்டது நான். ஆள் சேர்த்ததற்குக் கமிஷன் கொடுத்தார்கள். சித்தப்பா படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீ படிச்சிட்டயா?" என்று கேட்டார். "படிச்சுட்டேனுங்க" என்றேன். படிக்கவில்லை. அவர் இப்போது இல்லை. ஈமுக் கொட்டகையின் கம்பி வலை மட்டும் அவர் தோட்டத்தில் சுருட்டி வைத்தபடி கிடக்கிறது.

திருப்பூர் அக்கா

நான் பனியன் கம்பெனியில் செக்கிங். எங்கள் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து குழுக் கடன் வாங்கினோம். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று வாய்மொழி ஏற்பாடு. வசூல் தம்பி ராத்திரி எட்டரைக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொள்வார். திட்டமாட்டார், கத்தமாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார். தெருவே பார்க்கும். அதுதான் அவர் வேலை.

எங்கள் லைன் வீட்டில் கல்லூரி படிக்கிற பெண் ஒருத்தி ரிசர்வ் வங்கி விதியைத் தேடிப் படித்துச் சொன்னாள். 2022இல் வந்தது. மைக்ரோ பைனான்ஸ் கடனுக்குக் காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பின்னாலும் கேட்டு நச்சரிக்கக் கூடாதாம். கடன் விவரத் தாள் நமக்குப் புரிகிற மொழியில் தர வேண்டுமாம். இன்சூரன்ஸை நம் தலையில் கட்டக் கூடாதாம். அட்டையை எடுத்துப் பார்த்தால், முப்பதாயிரம் கடனில் இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை முதலிலேயே கழித்திருந்தார்கள். யாரும் கேட்டதில்லை, நாங்களும் கவனித்ததில்லை.

அடுத்த தடவை அந்தத் தம்பி வந்தபோது அந்தப் பெண் மணியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஆறு மணிக்கு மேல வந்தா ஆடியோ எடுத்து, ரிசர்வ் வங்கியில புகார் கேக்கற ஓம்புட்ஸ்மேனுக்கு அனுப்பலாமாமுங்க. செலவே இல்லியாமா" என்றாள், ரொம்ப மரியாதையாக. அதற்கப்புறம் அவர் நாலரைக்கே வருகிறார். நான் வேலையில் இருக்கிற நேரம். பணத்தை மாமியாரிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போகிறேன். கட்ட வேண்டியதைக் கட்டத்தானே வேண்டும், அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கோபிக்காரன்

என்னுடையது சின்னது. ஊர்த் தார் ரோடு போட்ட ஆறு மாதத்தில் பெயர்ந்தது. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு. "ஏன் மோசமாகப் போட்டீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, அது கருத்துக் கேட்பது. அந்த வேலையின் அளவுப் புத்தகத்தின் நகல் கேளுங்கள். தார் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று அதில் எழுதியிருக்கும். வேலையை நேரில் பார்க்கவும் மாதிரி எடுக்கவும்கூடச் சட்டத்திலேயே உரிமை உண்டு, 2ஆவது பிரிவில், ஆங்கிலத்தில் ஜே உட்பிரிவு.

முப்பது நாள் கெடு முடிவதற்குள் பொறியாளர் ஆபீசிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, எங்க மேல ஏதாச்சும் கோவமுங்களா?" காப்பி குடித்துவிட்டுப் போனார். அடுத்து காண்ட்ராக்டர் வந்தார். அவர் எங்களுக்கு ஒரம்பரை, அத்தை வழியில். அம்மா அன்றைக்கே சாப்பாட்டில் உப்புப் போடவில்லை, கோபம். மனுவைத் திரும்பப் பெறவில்லை. நகலும் வந்தது. மேல்முறையீட்டுக்கு மட்டும் போகவில்லை. ரோட்டில் ஒட்டுப் போட்டார்கள். போதும் என்று விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற கணக்கு

வருவாய்த் துறையில் முப்பது வருஷம். எல்லோரும் அரசாங்கத்தையும் கம்பெனியையும் ஏசுகிறீர்கள். ஏசுங்கள், தப்பில்லை. சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன், பட்டா மாறுதல் மனுவை எப்படி ஆறப் போடுவது என்பது ஒரு கலை.

ஆனால் எனக்கு வந்த புகார்களில் பாதி ஊர்க்காரர் மேல் ஊர்க்காரர் கொடுத்தது. வண்டிப்பாதை. வரைபடத்தில் இருபதடி இருக்கும், நேரில் போனால் எட்டடி. இந்தப் பக்கத்துக் காட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு முழம், அந்தப் பக்கத்துக்காரர் ஒரு முழம். கிளுவ வேலி தானாக நடந்து போகுமா? ஒரு முறை பிரசவ வலி வந்த பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள், 108 வண்டி உள்ளே திரும்ப முடியவில்லை. ஓடைப் புறம்போக்கில் தென்னை வைத்திருப்பவர்தான் கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து அரசு நிலத்தைக் காப்பாற்றச் சொல்வார்.

காங்கயத்துத் தம்பி அடங்கல் நகல் வாங்கியதாக எழுதியிருக்கிறார். சந்தோஷம். நிலத்தின் எல்லை அளவு போட்ட புலப்படமும் வாங்கிப் பாருங்கள்.

பழைய சாயக்காரன்

பெரியவர் சொன்னது சுருக்கென்றது. திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்றில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணையில் எங்கள் சாயப் பட்டறைத் தண்ணீர் தேங்கிக் கீழே இருந்த வெள்ளாமை போனது. கரை விவசாயிகள் ஹைகோர்ட் போனார்கள். 2011 ஜனவரியில் கழிவைச் சுத்தமாக நிறுத்தாத பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லி உத்தரவு. என் வேலை போனது. முதலாளி வேறு ஊரில் வேறு தொழில் தொடங்கினார். ராத்திரி மழை பெய்தால் வால்வைத் திறந்துவிடச் சொன்னது அவர்தான். திறந்த கை என்னுடையது.

காங்கயத்தான்

நேற்று புலப்படம் வாங்கிக்கொண்டு வந்து வடக்கு எல்லையில் சர்வேக் கல்லைத் தேடினேன். சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டுப் பார்த்ததில் கிடைத்தது. எங்கள் வேலிக்கு உள்ளே ஏழடி தள்ளி நிற்கிறது. அதைத் தாண்டி வண்டிப்பாதையில் நாங்கள் வைத்த மூன்று தென்னை. சுண்ணாம்பில் நான் எழுதிய 29, 30, 31 அந்த மூன்றும்தான். இழப்பீடு வாங்கியாகிவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். "அது உங்க அப்பாரு காலத்துலயே அப்படித்தான் கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் காசைத் திருப்பிக் கட்டறதுன்னா யாருகிட்டக் கட்டறது, டவருக்காரன்கிட்டயா, பஞ்சாயத்துலயா?" என்று கேட்டார். கணக்கு ஐயா, தெரிந்தால் சொல்லுங்கள். வேலி பிடுங்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.